ஆம்ப் உள்ளேயா, வெளியேயா

வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஃபோனில் "நல்லா இருக்கேன்பா" என்பதற்கு மேல் நீ ஒன்றும் சொல்வதில்லை, அதனால் மீதியை நானே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உன் செய்தி கிடைத்தது. பவர்டு ஸ்பீக்கர் கேபினெட் வாங்கலாமா, பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு அதில் நல்லது என்ன, கெட்டது என்ன, விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். நீ இங்கிருந்து போய் இரண்டு வருஷமாகிறது. இத்தனை நாளில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பெருமை தாங்காமல் அம்மாவிடம் காட்டினேன். "உங்களைப் போய்க் கேட்டிருக்காளே, அந்த ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளப் போய்விட்டாள். கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம். நான் சவரம் செய்யாததும் தெரிந்துவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான் பவர்டு. இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் பார்த்துத்தான் கம்பெனியிலேயே மாட்டுகிறார்கள். எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம்ஸ் என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆம்பில் இரண்டு பெட்டியை மாட்டி, ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் புகை வரவழைத்தது உனக்கு நினைவிருக்கும். முன் வரிசையில் மேடை அலங்காரம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பத்தாம் வகுப்பில் இயற்பியலில் இருபத்தெட்டு மார்க் வாங்கியவன் என்பதை அன்றைக்கு மேடையேறி நிரூபித்தேன். பவர்டில் அந்த ஆபத்து இல்லை. அளவுக்கு மீறி அடித்தால் பெட்டியே சத்தத்தை அடக்கிக்கொள்ளும், ஸ்பீக்கர் கிழியாது. கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெடல் வைத்தால் போதும். நீ இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று அம்மா சொன்னாள். தூக்க வேண்டிய சாமான் ஒன்று குறைந்தால் உன் முதுகுக்கு நல்லது.

இனிக் கெட்டது. ஆம்ப் செத்தால் பெட்டியே செத்தது. தனித்தனியாக இருந்தால் அடுத்த குழுவிடம் பல்லைக் காட்டி ஒரு ஆம்பை இரவல் வாங்கி மாட்டிவிடலாம். இதில் அது நடக்காது. அப்புறம், பேஸ் பெட்டி என்பது குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி, வாசிக்கும் நேரமெல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்துக்குள் ஆம்பைக் குடிவைத்தால் திருகாணி கழலும், ஈயப்பற்று விட்டுப்போகும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பின்பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் முறுக்கிவிட வேண்டும். நீ நிற்கிற மூலையில் கரண்டும் வேண்டும், அதற்கு ஒரு நீள ஒயர், அதைத் தடுக்கி விழ ஒரு டிரம்ஸ்காரர்.

இன்னொன்று. கடையில் காட்டுகிற பெட்டிகளில் பாதி, குரலுக்காகச் செய்தவை. பாடுகிறவர்களுக்கு அது தேன். பேஸில் நாலாவது கம்பியை ஓங்கி அடித்தால் தூக்கத்தில் எழுப்பப்பட்ட காவலாளி மாதிரி முனகும். அதனால் வாங்குவதற்கு முன் கடையிலேயே அந்தக் கம்பியைப் பத்து நிமிஷம் உரக்க வாசித்துப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை, பெட்டி சுளிக்கக் கூடாது.

அடுத்த மாதம் ஒரு பெரிய குழுவில் ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "போன தடவை ஆம்ப்ல மிக்சருக்கு ஒயர் மாட்டற அந்த ஜாக் என் காலை வாரிடுச்சு. இந்தத் தடவை அந்த ஆம்பை நம்பிப் போக மாட்டேன்" என்றும் எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன சொல்வது? பழைய ஆம்ப்தான். புதிது வாங்க வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்.

உன் தம்பி உன் அறைக்குக் குடிபெயர்ந்துவிட்டான். தற்காலிகம் என்கிறான், ஆனால் சுவரில் ஆணி அடித்திருக்கிறான். நம் குழுவுக்கு மாதம் இரண்டு நிகழ்ச்சி வருகிறது. உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடுகிறார். யாரும் குறை சொல்லவில்லை. அது எனக்கு நன்றாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பெட்டியைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, என்னை மாதிரி இடுப்பை வளைக்காதே.

நலம் நாடும்,
அப்பா


செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

போன கடிதம் உனக்குக் கிடைத்ததும் நீ பதில் செய்தி அனுப்பினாய், படித்தேன். நேற்றிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பவர்டே வாங்கப் போகிறாய். பழைய ஆம்பை விலைக்கு எடுத்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார். "லைன் ஜாக் ஒரு தடவை பழுதாகிச் சரி பண்ணினது, நம்ப முடியாதுன்னு சொல்லித்தான்பா கொடுக்கறேன். தெரிஞ்சே ஒருத்தரை ஏமாத்தக் கூடாதில்ல?" என்று எழுதியிருக்கிறாய்.

சாயங்காலம் உனக்கு ஃபோன் செய்தேன். நீ எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய், சரி வை என்று வைத்துவிட்டேன். அப்போது கேட்க நினைத்தது அது இல்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.

அந்த ஜாக் பழுதாகவில்லை. ஒரு நாளும் பழுதானதில்லை.

அந்தக் கம்பெனி ஆண்டு விழாவை நினைத்துப் பார். அன்றைக்கு நாலாவது வரிசையில் ஒருவர் உன்னைப் பார்ப்பதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் குழுவுக்கு பேஸ் வாசிக்க ஆள் வேண்டும், பிடித்திருந்தால் வருஷத்தில் எட்டு மாதம் அவர்களோடு ஊர் ஊராகப் போக வேண்டும். நீ மூன்று வாரம் விரலில் கொப்புளம் வரப் பயிற்சி செய்தாய். அம்மா களிம்பு தடவிவிட்டாள். அரங்கத்துக்குப் போகிற சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது பாட்டில் நம் குழுத் தலைவர் என்னிடம் வந்தார். எந்த மைக்கைக் கண்டாலும் எண்ணிப் பார்ப்பாரே, அதே ஒன்-டூ-த்ரீ அண்ணன்தான். "அரங்கம் முழங்குதுய்யா, பேஸைக் கொஞ்சம் இறக்கு" என்றார். இறக்கினேன். அதுவரைக்கும் நான் செய்தது வேலை. பிறகு அந்த நாலாவது வரிசைக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து உன் விரலையே பார்க்க ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் இறக்கியது வேலை இல்லை. அடிமட்டம் வரைக்கும் இறக்கினேன்.

உனக்கு எப்படித் தெரியும்? உன் கேபினெட் உன் முதுகுக்குப் பின்னால் நின்று உனக்கு நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மேடையில் எல்லோருக்கும் கேட்டது. வெளியே ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்துக்குத்தான் நீ இல்லை. நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்து, சரியாக வருகிறதா என்று கண்ணாலேயே கேட்டாய். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். நீ சிரித்துவிட்டு இன்னும் நன்றாக வாசித்தாய்.

முடிந்ததும் அந்த மனிதர் உன்னிடம் வந்து, "விரல் நல்லா ஓடுதும்மா, ஆனா ஒண்ணுமே காதுல விழலையே" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ என்னிடம் ஓடிவந்து, "வெளியே வரலையாப்பா?" என்று கேட்டாய். லைன் விட்டு விட்டு வந்தது, உன் ஆம்பில்தான் ஏதோ பழுது என்றேன். மறுநாள் சமையலறை மேசையில் ஆம்பைப் பிரித்தேன். உதிரிச் சாமான் டப்பாவில் கருகிப்போன ஜாக் ஒன்று எப்போதோ போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்து, பார், இதுதான் உன்னைக் கவிழ்த்தது என்று உன் கையில் கொடுத்தேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "முன்னாடியே ஒரு தடவை திறந்து பாத்திருக்கலாமேப்பா" என்றாய். ஆமாம், என் கவனக்குறைவுதான் என்று தலையை ஆட்டினேன். பெரிய திருட்டுக்குச் சின்ன அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தவன் மாதிரி எனக்கு அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நீ அந்தப் பக்கம் போனதும் உன் ஆம்பில் இருந்த பழைய ஜாக்கையே திரும்ப மாட்டினேன். இன்றைக்கும் அதில் இருப்பது அதுதான்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். தனியாகப் பெண்பிள்ளை எட்டு மாதம் எங்கே தங்கும், எங்கே சாப்பிடும் என்ற கவலை என்று எழுதிப் பார்த்தேன். மூன்று வரி எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே அந்த அடித்தலை நீயே பார்க்கலாம். உண்மை இதுதான். நீ மேடையில் இருந்தவரைக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் "பேஸ் வாசிக்கிற பொண்ணோட அப்பா" என்று நாற்காலி போட்டார்கள். நீ போய்விட்டால் நான் ஒயர் சுருட்டுகிறவன். இருபத்தெட்டு மார்க் மூளைக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

எட்டு மாதம் போய்விட்டு நாலு மாதம் வீட்டில் இருந்திருப்பாய். நான் பிடித்து வைத்ததில் இரண்டே மாதத்தில் மொத்தமாகப் போனாய். இப்போது ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில், யாரும் காது கொடுக்காத இடத்தில், சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னணியாக வாசிக்கிறாய். என்னை விடக் கெட்டிக்காரக் கணக்குப் போட்டவன் இருந்தால் சொல், மாலை போடுகிறேன்.

ஆகவே போன கடிதத்தில் நான் எழுதியதில் நல்லதும் கெட்டதும் எல்லாம் சரிதான், ஆனால் நீ எதற்காக வாங்குகிறாய் என்பதுதான் தப்பு. உன் ஆம்ப் உன்னைக் கைவிடவில்லை. மாடிப்படிக்காகப் பவர்டு வாங்கு, முதுகுக்காக வாங்கு, சத்தம் பிடித்திருந்தால் வாங்கு. ஜாக்குக்காக வாங்காதே. பழையதை விற்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் குறையில்லாத சாமான் என்று சொல்லி விற்றுக்கொள். இல்லாத பழுதுக்காக நீ தலை குனிய வேண்டாம்.

ஆம்ப் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், எந்தப் பெட்டியும் உனக்குப் பின்னால் நின்று உன்னிடம் மட்டும்தான் பேசும். அரங்கத்துக்கு என்ன போகிறது என்பது வேறொருவர் கையில் இருக்கிறது. நாங்கள் மிக்சர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. இருந்தாலும் அடுத்த மாதம் அந்தப் பெரிய குழு ஆள் எடுக்கிற அன்று சீக்கிரமாகவே போய்விடு. நீளமான ஒயராக ஒன்று கேட்டு வாங்கி, வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கிக் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய் உன் காதாலேயே கேள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யார் சொல்வதையும் நம்பாதே, அப்பா சொல்வது உட்பட.

அம்மாவுக்கு இது தெரியாது. கூரியர் ரசீது கையில் வந்ததும் சொல்கிறேன், முதலில் சொன்னால் அனுப்பவே மாட்டேன் என்று எனக்கே பயம். அவளுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, என் முகத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவாள்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை. பதில் எழுத வேண்டாம். ஆனால் அந்தக் குழுவில் உன்னை எடுத்துக்கொண்டார்களா இல்லையா என்பதை அம்மாவுக்கு மட்டும் ஃபோன் செய்து சொல். நான் வாங்கிப் பேச மாட்டேன். நீ கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும், பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும்.

உன் விரலுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா