பால்தான் என்றாய்

இன்று காலை பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. பர்னருக்குள் இறங்கித் தீய்ந்த அந்த வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், மேடையை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. பால் பொங்கியபோது நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆனால் காதில் போன் இருந்தது. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் உன் மகள் ஜெனி பேசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா வயிறு வலிக்குது சித்தி. ஒண்ணுமில்ல, பால்தான். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாரு."

'பால்தான்' என்று அவள் சொன்ன விதம் அப்படியே நீ. அந்த அலட்சியம், கடைசியில் மெல்ல இழுக்கும் அந்தச் சிரிப்பு. நான் அடுப்பை அணைத்தேன். பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினேன். போய் வந்துவிட்டு இப்போது உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். கால் கடுக்கிறது. நீ போன பிறகு ஒன்றும் செய்யாவிட்டாலும் எனக்குக் களைப்பு வந்துவிடுகிறது. ஏதாவது செய்தால் கேட்கவே வேண்டாம்.

நாம் இரண்டு பேரும் சிதம்பரத்தில் பி.எட். படித்த வருடம் நினைவிருக்கிறதா? நீ உயிரியல், நான் தமிழ். ஹாஸ்டலில் ஒரே அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை மேல்பட்டாம்பாக்கத்துக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வந்தவர்களுக்குத் தண்ணீருக்கு முன்னால் பால் கொடுப்பது என் அம்மாவின் வழக்கம். வீட்டு மாட்டுப் பாலைச் சுண்டக் காய்ச்சி, பனைவெல்லம் போட்டு, பெரிய லோட்டா நிறையக் கொடுத்தாள். நீ ஒரு வார்த்தை சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாய். திரும்பும்போது பேருந்து நெல்லிக்குப்பம் வருவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். உன் விரல் நகம் என் தோலில் பதிந்தது. நிறுத்தத்தில் இறங்கி ஓடினாய். நான் உன் பையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு கட்டணக் கழிப்பறை வாசலில் நின்றேன்.

வெளியே வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. "உங்க அம்மாகிட்ட சொல்லாத. ஆசையா குடுத்தாங்க" என்றாய்.

அன்றுதான் உன் கதை தெரிந்தது. சின்ன வயதில் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள். கோயிலில் மந்திரித்த எண்ணெயை வயிற்றில் தடவியிருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாய் என்று அடியும் விழுந்திருக்கிறது. "நான் சீக்காளிடி" என்று நீ சொன்னபோது, சொந்த ஊர் எது என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாய்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, பாடம் நடத்தும் பயிற்சிக்காக நொதிகளைப் பற்றிப் படிக்க நூலகத்துக்குப் போனாய். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலில் என்னைத் தள்ளி உட்கார வைத்தாய்.

"நான் சீக்காளி இல்லடி. உங்க அம்மாதான் மாறிப்போனவங்க."

எனக்குக் கோபம் வந்தது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "கேளு. எல்லாக் குட்டியும் பால் குடிக்கும். பால்ல இருக்குற சர்க்கரையை உடைக்க வயித்துல ஒரு என்சைம் சுரக்கும். லாக்டேஸ்னு பேரு. தாய்ப்பால் மறந்தப்புறம் அது எதுக்கு? உடம்பு கொஞ்சம் கொஞ்சமா கடையைச் சாத்திடும். பூனை, ஆடு, மாடு, மனுசன் எல்லாத்துக்கும் அதான் வழக்கம். எனக்கு நடந்தது அதான். ஆனா ஆடு மாடு வளத்தவங்கள்ல யாரோ ஒருத்தருக்கு, ஜீன்ல கடையைச் சாத்துன்னு சொல்ற இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு. சாவுற வரைக்கும் கடை திறந்தே கெடந்துச்சு. அவங்க வழியில வந்தவங்கதான் உங்க வீட்ல லோட்டா லோட்டாவா குடிக்கிறீங்க."

"எழுத்துப் பிழையா?" என்று கேட்டேன். தமிழ் படித்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

"பிழைதான். பிழைச்சுக்கிட்ட பிழை."

அந்தப் பிழை எப்படி இத்தனை பேருக்குப் பரவியது என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் இத்தனை வருடமாக எனக்குள் கிடக்கிறது. அந்த மாற்றம் பரவுவதற்கு முன்பே மக்கள் ஆயிரக்கணக்கான வருடம் பால் குடித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். தயிராக்கி, மோராக்கிச் சமாளித்தார்களாம், புளிக்கும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுவதால். பாலாகவே குடித்தாலும் நல்ல காலத்தில் வயிறு போனால் ஒரு நாள் சங்கடம், அவ்வளவுதான். "ஆனா பஞ்சத்துல, எலும்பும் தோலுமா கெடக்குறவனுக்குப் பாலைத் தவிர வேற ஒண்ணும் கெடைக்கலன்னு வை. வயித்துப்போக்குலயே செத்துடுவான். பக்கத்துல கடை திறந்து கெடக்குறவன் பொழைச்சுக்குவான். இப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க. இன்னும் முழுசா முடிவாகல" என்றாய். பிறகு, "எத்தனை பேர் செத்து இந்த ஒரு டம்ளர் பால் நமக்கு வந்திருக்கு பாரேன்" என்றாய்.

படிப்பு முடிந்து இரண்டு பேருக்கும் கடலூரில் ஒரே பள்ளியில் வேலை கிடைத்தது நம் அதிர்ஷ்டம். உனக்குத் திருமணமானதும் கடலூரிலேயே. உன் கணவர் ஸ்டீபனுக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நல்ல மனிதர். ஆனால் அவருடைய அம்மா மாடு வளர்ப்பவர். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவர் கறக்கும் பாலைத்தான் வாங்கினார்கள். அந்த வீட்டில் போய் 'எனக்குப் பால் ஒத்துக்காது' என்று நீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பார்க்காதபோது கொட்டக் கற்றுக்கொண்டாய். ஜெனி வயிற்றிலிருந்தபோது குங்குமப்பூப் பாலிலிருந்து தப்பிக்க, பள்ளி விட்டதும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பாய்.

ஜெனி மூன்றாம் வகுப்பு போனபோது அவளுக்கும் கடை சாத்த ஆரம்பித்தது. காலையில் பால் குடித்துவிட்டு வந்து வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஒரு மாலை நான் உன் வீட்டிலிருந்தபோது அது நடந்தது. சாப்பாட்டு மேசையில் ஜெனிக்கு முன்னால் டம்ளர் நிறையப் பால். கண்ணீர் மூக்கு வரை வந்து நிற்கிறது. ஸ்டீபன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். சட்டையில் அந்தக் கெமிக்கல் நெடி.

"குடிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கணும். உனக்கு நடிப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

உன் மாமியார் சமையலறையிலிருந்து சொன்னார். "தெருவே வாங்கிக் குடிக்கிற பாலு. நம்ம வூட்டுப் புள்ள குடிக்கலன்னா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

நீ குழந்தையின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாய். நின்றபடியே மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாய். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "அத்தை, இங்க வந்து உக்காருங்க. நீங்களும் உக்காருங்க. எங்கயும் போகக் கூடாது. என்னைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றாய்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்தார்கள். நான் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் உன் வயிறு சத்தம் போட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டது. பிறகு உன் நெற்றி வியர்த்தது. வயிறு உப்பி, புடவைக் கொசுவம் இறுகியது. வலி வரும்போதெல்லாம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாய். ஆனால் எழுந்திருக்கவில்லை. உன் மாமியார்தான் முதலில் எழுந்தார். உன் முதுகைத் தடவி, "போதும்டி, போ. கொல்லைக்குப் போ" என்றார்.

நீ திரும்பி வந்தபோது ஸ்டீபன் தலை குனிந்திருந்தார். "இத்தன வருசமா ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னேங்க. நீங்க கேக்கல. எனக்காகன்னா இன்னும் பொறுத்திருப்பேன். அவளுக்கும் என் வயிறுதான்."

மறுநாள் முதல் ஜெனிக்கு மோர். உனக்குப் பால் விடாத காபி, உன் மாமியார் கையாலேயே. யார் வீட்டுக்குப் போனாலும் முந்திக்கொண்டு, "எங்க மருமவளுக்குப் பாலு ஆவாது" என்று அவரே சொல்லிவிடுவார். நீ ஜெயித்துவிட்டாய். எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததை எழுதத்தான் கை வரவில்லை.

உன் வயிற்றுவலிக்கு அன்றோடு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர். பல வருடம் கழித்து வேறு ஒன்று வந்து அதே வயிற்றில் உட்கார்ந்தபோது, அதையும் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டோம். பள்ளியில் யாரோ கொடுத்த பால்கோவா என்றாய். கல்யாண வீட்டில் பாயசம் என்றாய். ஒரு கட்டத்தில் நீ பாலைத் தொடுவதையே விட்டிருந்தாய், அப்போதும் வயிறு உப்பியது. உன் மாமியார் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எதுலடி பாலு இருந்துச்சு?" என்று தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். "ஒரு ஸ்கேன் எடுத்துடலாம், வா." உன்னிடம் ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "என் வயிறு எனக்குத் தெரியாதா? பால்தான்." அத்தனை வருடம் யாரும் நம்பாத உன் வயிற்றை நீ ஒருத்திதான் நம்பியிருந்தாய். அந்த நம்பிக்கையை விடச் சொல்ல யாரால் முடியும்?

பாண்டிச்சேரி மருத்துவமனையில் அந்த டாக்டர் சினைப்பையில் புற்று என்றார், பரவிவிட்டது என்றார். ஸ்டீபன் சுவரில் சாய்ந்து நின்றார். நீ என்னைப் பார்த்தாய். "அநியாயமா பால் மேல பழி போட்டுட்டேன்" என்றாய். சிரிக்க முயன்றாய். அதற்குப் பிறகு கடலூருக்கும் பாண்டிச்சேரிக்குமாக நாம் அலைந்த அலைச்சலை நான் நினைக்க விரும்புவதில்லை. உன் முடி கொட்டியது, கொஞ்சம் முளைத்தது, மறுபடியும் கொட்டியது. கடைசி வாரத்தில் ஜெனியின் கையை எடுத்து என் கைமேல் வைத்தாய். ஜெனிதான் அன்றிலிருந்து என்னை ஆன்ட்டி என்பதை விட்டுவிட்டுச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இன்று பேருந்தில் போகும்போது அந்தக் கெமிக்கல் நெடிக்காகச் சிப்காட் தாண்டும் வரை ஜன்னலை மூடியே வைத்திருந்தேன். உள்ளே வெந்துபோனேன். ஹாஸ்டல் வாசலில் ஜெனி என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கா லீவு போட்டு வந்தீங்க? ப்ரெண்டு பர்த்டேக்கு ரசமலாய் சாப்பிட்டேன் சித்தி. அவ்ளோதான்."

"சரி. வா போலாம்."

"எங்க?"

"டாக்டர்கிட்ட."

அவள் வாதாடினாள். எனக்கு வாதாடத் தெம்பில்லை, அதுதான் உண்மை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவளும் ஏறினாள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் பயமில்லை என்றார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் மையத்தில் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். ஜெனி பாட்டிலை வாயில் வைத்து முறைத்துக்கொண்டே குடித்தாள். உள்ளே கூப்பிட்டபோது நானும் போனேன். அவள் வயிற்றில் அந்தப் பசையைத் தடவியதும் "ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். பிறகு திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டென்று அவள் முகம் மாறிவிட்டது. அதுவரை நடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கும் பயம். காலையில் என்னைத்தானே கூப்பிட்டாள்? என் கையைத் தேடிப் பிடித்தாள், நெல்லிக்குப்பம் பேருந்தில் நீ பிடித்த மாதிரி, நகம் பதிய.

ஸ்கேன் எடுக்கும் அம்மா கருவியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார். கடைசியில், "எல்லாம் நார்மல்மா. சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கு" என்றார்.

வெளியே வந்து இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். ஜெனி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். பிறகு, "சொன்னேன்ல சித்தி. வெறும் பால்தான்" என்றாள்.

"ஆமாம். வெறும் பால்தான்."

"அடுத்த தடவ சொன்னாலும் வருவீங்களா?"

"வருவேன்."

"அதுவும் வெறும் பாலா இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

நான் இளைத்துவிட்டேன். பேருந்தில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் கால் வீங்கிவிடுகிறது. ஆனாலும் அந்தப் பெண் எப்போது வயிறு வலிக்கிறது என்று சொன்னாலும், காரணத்தையும் அவளே சேர்த்துச் சொன்னாலும், நான் புறப்பட்டுப் போவேன். அவள் முறைப்பாள். தண்ணீர் குடிக்க வைத்து உட்கார்ந்திருப்பேன். உன் வயிற்றைப் பற்றி நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சரி. அதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. அதோடு, நீ சொல்லிக் கொடுக்காத ஒன்றையும் சேர்த்து இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன்: தெரிந்த வலியாக இருந்தாலும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.