ஆளில்லாத நாற்சந்தியில் வண்டிகள் நிற்பது குறித்து

அனுப்புநர்:
காலஞ்சென்ற போக்குவரத்துக் காவலரின் அண்ணன்,
இயற்பியல் விரிவுரையாளர் (இன்றுவரை பதவி உயர்வு இல்லை),
மருந்துக்கடைச் சந்து.

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
நகரப் போக்குவரத்துக் காவல்.

பொருள்: நான்கு சாலை சந்திப்புக்குக் காவலர் ஒருவரை முறையான உத்தரவுடன் அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பொம்மைக் காவலரை அகற்றக் கோரிய எனது முந்தைய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களுக்கு என்னை நினைவிருக்கும். தங்கள் அலுவலக வராந்தாவில் மின்விசிறி இல்லாத பக்கத்து பெஞ்சில் உட்கார வைக்கப்படுபவன் நான். மேற்படி சந்திப்பில் சிமெண்ட் லாரி மோதி இறந்த காவலர் என் தம்பி. அவனுடைய ஷிப்ட் முடிந்திருந்தது, மாற்றுக் காவலர் வரவில்லை, அவன் நின்றுகொண்டிருந்தான். தங்கள் விசாரணை அறிக்கை இதை, "பணி நேரத்துக்குப் பின் சொந்த விருப்பத்தின் பேரில் சாலையில் நின்றிருந்தார்" என்று எழுதியது. மழையில், நடுச்சாலையில், சொந்த விருப்பத்தின் பேரில் நிற்பவர்களை நான் பார்த்ததில்லை. அந்த வரியை நீக்கச் சொல்லி எழுதி ஓய்ந்துவிட்டேன். இந்த மனு அது பற்றியதல்ல.

2. அன்று வரவேண்டிய மாற்றுக் காவலர் எங்கே இருந்தார் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். தாங்கள் தலைமை தாங்கிய சாலைப் பாதுகாப்பு விழாவில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

3. தங்கள் காவலர்களிடையே எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்று உண்டு. ஷிப்ட் மாறும்போது, புதிதாக வருபவர் வட்ட மேடையில் ஏறிப் பழையவரின் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் பழையவர் இறங்குவார். சந்திப்பு ஒரு கணம்கூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம். என் தம்பி இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அந்த வார்த்தையைச் சொல்லும் வரை நகர மாட்டான். "பால் பொங்கி வழியுது, இப்பவும் சொன்னாத்தான் நகருவீங்களா? சரி சாமி, நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்று அவன் மனைவி அலுத்துக்கொள்வாள். நாங்கள் சிரிப்போம்.

4. தம்பி இறந்த பிறகு அந்த இடத்துக்குத் தாங்கள் ஆள் போடவில்லை. துணிக்கடைப் பொம்மை ஒன்றுக்குச் சீருடை மாட்டி, கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் அணிவித்து மேடையில் நிறுத்தினீர்கள். "இவர் விடுப்புக் கேட்க மாட்டார்" என்று அதன் தோளில் கை போட்டுத் தாங்கள் சொன்னது நாளிதழில் படத்துடன் வந்தது. அதன் மேல் போட்டிருந்த ஒளிரும் ஜாக்கெட் என் தம்பியுடையது. இடது தோளில் கிழிந்த இடத்தைக் கறுப்பு நூல் கிடைக்காமல் நீல நூலால் தைத்தவள் அவன் மனைவி. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை அந்தச் சந்திப்பைத் தாண்டி இருக்கிறது. முதல் நாளே கண்டுகொண்டாள். அன்று வீட்டுக்கு வந்தவள், "அவரோட ஜாக்கெட் மாமா" என்றாள்.

5. என் முந்தைய மனுவின் பேரில் பொம்மையும் மேடையும் அகற்றப்பட்டன. நன்றி. நான் எழுதிய மனுக்களில் பலித்தது அது ஒன்றுதான். அதுவும் பலிக்காமல் போயிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

6. காரணம் இதுதான். அந்தச் சந்திப்பில் சிக்னல் எரிவதில்லை. காவலர் இல்லை. பொம்மையும் இல்லை. ஆனாலும் வண்டிகள் நிற்கின்றன.

ஐயா, நான் ஆவி, பேய் பேசுகிறவன் அல்ல. என் தெருவில் அப்படிப் பேசுபவர்களோடு பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. எனவே சந்திப்பின் ஓரத்து பஞ்சர் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பட்டப்பகலில், பல நாள் கவனித்தே எழுதுகிறேன். கிழக்கிலிருந்து வரும் வண்டிகள் கோட்டுக்கு முன்னால் நிற்கும். தெற்கே நிற்பவை புறப்படும். பிறகு அவை நிற்கும், இவை நகரும். ஓட்டுபவர்கள் எதிரே உள்ள சாலையைப் பார்ப்பதில்லை. நடுவில், ஓர் ஆளின் முக உயரத்தில், ஏதோ ஓரிடத்தைப் பார்க்கிறார்கள். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்த ஒருவர் அந்த இடத்தைப் பார்த்ததும் அவசரமாக எடுத்துத் தலையில் மாட்டினார். ஏன் நின்றீர்கள் என்று ஒரு வேன் ஓட்டுநரிடம் கேட்டேன். "போலீஸ் கை காட்டுனார்ல?" என்றார். எந்தப் போலீஸ் என்று கேட்டதும் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

7. பழக்கம்தான் காரணம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பொம்மையைப் பார்த்துப் பழகிய கால் பிரேக்கில் போகிறது, ஒருவர் நின்றால் பின்னால் வருபவரும் நிற்கிறார், அவ்வளவுதான். வகுப்பில் நடத்தக்கூடிய அளவுக்கு நல்ல விளக்கம். அதைக் கீழ்க்கண்டவை கெடுத்துவிட்டன.

மேடை இருந்த இடத்தில் இப்போது வெறும் தார்தான். அதன் மேல் எந்தச் சக்கரமும் ஏறுவதில்லை. சுற்றிலும் ரப்பர் தேய்ந்து சாலை கறுத்துக் கிடக்க, அந்த வட்டம் மட்டும் வெளுத்திருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் அதைக் காட்டி, "நான் பெருக்கல சார், சத்தியமா" என்றார்.

என் தம்பிக்கு இடது காலில் வலி உண்டு. ஷிப்ட் முடியும் தறுவாயில் நான்கு பக்கமும் ஒருசேர நிறுத்திவிட்டுக் கால் மாற்றி நிற்பான். அது இன்னமும் நடக்கிறது, ஐயா. மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் நான்கு சாலையும் நிற்கும். பேருந்து, லாரி, ஆட்டோ எல்லாம். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஹாரன் அடிக்காத ஆட்டோவை இந்த ஊரில் வேறெங்கே காட்ட முடியும்? கடைக்காரர் கையிலிருந்த ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைப்பார். பிறகு எல்லாம் நகரும்.

இன்னொன்று. உயிரோடு இருந்தபோது என் ஸ்கூட்டரைக் கண்டால் என் பக்கத்தைத்தான் அதிக நேரம் நிறுத்துவான். "அண்ணனுக்குச் சலுகை காட்டுனா ஊர் பேசும்" என்பான். இதற்காக அவனோடு சில வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். இப்போதும் நான் ஸ்கூட்டரில் வந்தால், மற்ற மூன்று பக்கமும் இரண்டு முறை போன பிறகே என் பக்கம் நகர்கிறது.

8. இவற்றோடு போயிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். வண்டிகள் நிற்பது நல்லதுதானே என்று தாங்கள் கேட்கக்கூடும். ஆனால் தம்பி மனைவி இப்போது அந்தச் சாலையை இரு பக்கமும் பார்க்காமல் கடக்கிறாள். தலை நிமிர்வதே இல்லை. வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் வண்டிகளுக்கு நடுவே நடக்கிறாள். கண்டித்தேன். "அவர் இருக்காருல்ல மாமா" என்றாள். அப்படியெல்லாம் எதுவும் கிடையாது என்றேன். "நீங்க ரொம்பப் படிச்சவங்க, உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு பரிமாறினாள்.

9. சில நாட்களாக வண்டிகள் தாமதமாக நிற்கின்றன. நான்கு பக்கமும் நிற்கும் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. போன வியாழக்கிழமை அவள் கடக்கும்போது ஒரு பேருந்து அவள் புடவையைத் தொடும் தூரத்தில்தான் நின்றது. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினேன். அவள் பதறவில்லை. முன் கண்ணாடி வழியாக ஓட்டுநர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்த வெளுத்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு, "அவருக்குக் கால் முடியல மாமா. அதான் லேட்டாகுது" என்றாள். பிறகு, "யாராச்சும் வந்து சொன்னாத்தானே போவாரு" என்றாள்.

10. மேலே சொன்ன மாற்றுக் காவலரை அதுவரை வாசற்படி ஏற விட்டதில்லை. அன்று நானே தேடிப் போனேன். அவர் வேறு நிலையத்தில் இருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. தாமே ஒருமுறை சாதாரண உடையில் போய் அந்த வட்டத்தின் ஓரம் நின்று சொல்லிப் பார்த்ததாகக் கூறினார். "வண்டியெல்லாம் என்னைச் சுத்திட்டுப் போச்சு சார். ரோட்ல குறுக்க வர்றவனை ஓரமாப் போன்னு கை காட்டுவான் பாருங்க, அதே மாதிரி. உடுப்பு இல்லாம, டூட்டி போடாம போனா அவன் எப்படி விடுவான்? ஆர்டர் வாங்கிக் குடுங்க, நான் போறேன்" என்றார். அவர் மீது எனக்கிருந்த கோபத்தில் ஒரு பங்கைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு திரும்பினேன்.

11. என் தம்பி வாழ்நாள் முழுக்க முறைப்படி நடந்தவன். முறைப்படிதான் அவனை இறக்க முடியும். அதற்கான அதிகாரம் தங்கள் ஒருவரிடமே இருக்கிறது. எனவே கேட்டுக்கொள்வதாவது:

மேற்படி மாற்றுக் காவலரை அந்தச் சந்திப்புக்கு எழுத்துப்பூர்வமாகப் பணியமர்த்த வேண்டும். காரணம் எதுவும் எழுத வேண்டாம். தங்களுக்குச் சங்கடம் வேண்டாம். அவர் முழுச் சீருடையில், மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில், அந்த வட்டத்துக்குள் போய், அவன் முதுகோடு ஒட்டும்படி கிழக்கே முதுகு காட்டி நின்று, சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் போதாது. அங்கே இரைச்சல் அதிகம்.

சொன்னவுடன் கை தூக்க வேண்டாம் என்றும் அவருக்கு அறிவுறுத்துமாறு வேண்டுகிறேன். சற்றுப் பொறுக்க வேண்டும். இடது கால் முடியாதவன், மெதுவாகத்தான் இறங்குவான்.

அன்று தம்பி மனைவியை ஓரமாக, கையைப் பிடித்து, நான் நிறுத்தி வைத்துக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி, அதே பெஞ்சில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
காவலரின் அண்ணன்

இடம்: பஞ்சர் கடை, நான்கு சாலை சந்திப்பு
நாள்: 14ஆம் தேதி, திங்கட்கிழமை