ஹர்ஷினி ஜெயித்த வழக்கு

18-1-2025, சனி

இன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்கள்: விருதுநகரிலிருந்து வந்த செல்வநாயகம் சார், அவர் கூட்டிவந்த எம்.எஸ்சி. பிள்ளைகள், அவர்களில் ஒருத்தியாக என் பேத்தி ஹர்ஷினி, அவளைப் பெற்ற என் மகள் அழகுமீனா, எதிர்வீட்டு ஜெயக்கொடி, பட்டாசு வேலைக்குப் போகும் எங்கள் தெருப் பெண்கள், நான்.

செடியும் பூச்சியும் படிக்கிற பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் கொள்கை பழக்குகிறாராம் சார். பட்டாசுக் கம்பெனிக்காரன் கழிவு வெடிமருந்தை எரிக்க எங்கள் தெருவுக்கு மேற்கே குழி கேட்கிறான். அதற்கு அடுத்த மாதம் கருத்துக்கேட்பு. அதை இப்போதே நடித்துப் பார்க்கிறார்களாம். அழகுமீனாவுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கிறது. இவர்களுக்கு அது பாடம்!

சீட்டுக் குலுக்கினார்கள். ஹர்ஷினிக்குக் கம்பெனி பக்கம் வந்தது. "எந்தப் பக்கம் வந்தாலும் ஜெயிக்கணும், மார்க் அதுக்குத்தான்" என்றார் சார். சேவல் சண்டை விடுகிறவன்கூட இப்படிச் சொல்லமாட்டான்.

ஜெயித்தாள். "குழி இல்லேன்னா லைசென்ஸ் இல்ல. லைசென்ஸ் இல்லேன்னா சீசனுக்கு எந்த வீட்டுல உலை கொதிக்கும்? சொல்லுங்க சித்தி!" என்று ஜெயக்கொடி முகத்தைப் பார்த்தே கேட்டாள். எதிர்ப்பக்கம் நின்ற பிள்ளை ஏதோ சட்டத்தைச் சொல்லி முழித்தது. எங்கள் தெருப் பெண்கள் கைதட்டினார்கள். கூறுகெட்டவளுக.

20-1-2025

குழாயடியில் ஜெயக்கொடி: "பெரியம்மா, உங்க பேத்தியே குழி வேணும்னு சொல்லிருச்சே. அம்புட்டுப் படிச்ச புள்ள பொய்யா சொல்லும்?"

"ஏடி, அது நடிப்பு."

"நடிப்புன்னா மூஞ்சியில சாயம் எங்க? சுடிதார்லல்ல நின்னு சொல்லுச்சு!"

25-1-2025, சனி

ஹர்ஷினி வந்தாள். ஜெயக்கொடி சொன்னதைச் சொன்னேன். சிரிக்கிறாள்.

"மார்க்குக்குப் பேசுனது அம்மாச்சி."

"கம்பெனிக்குக் கிழக்க பொட்டக்காடு கிடக்குல்ல. அங்கன குழி வெட்டுனா லைசென்ஸ் வருமா, வராதா?"

"வரும்."

"அதை அதிகாரி முன்னால எந்திரிச்சுச் சொல்லு. நீ சொன்னாத்தான் இவளுக நம்புவாளுக."

பெற்றவள் அழகுமீனாவின் தலையில் கைவைத்து, சொல்வதாகச் சத்தியம் செய்தாள் ஹர்ஷினி.

12-2-2025

கருத்துக்கேட்பு. பந்தல், வடை, காபி, கம்பெனி செலவு. நான் எழுந்து குழியைக் கிழக்கே வெட்டச் சொன்னேன். "சுருக்கமாச் சொல்லுங்க பாட்டி" என்று உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு ஜெயக்கொடி எழுந்தாள். லைசென்ஸ், சீசன், உலை — ஹர்ஷினி சொன்னதையே சொன்னாள், அவள் கையை ஆட்டியமாதிரியே ஆட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும்.

"வேற யாராச்சும் பேசணுமா?" என்று அதிகாரி கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். ஹர்ஷினி கடைசி வரிசையில். அவள் சாரைப் பார்த்தாள். சார் தலையை ஆட்டினார், வேண்டாமென்று. மாணவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும்தானாம்.

குனிந்து எழுத ஆரம்பித்தாள். எழுதுறா, எழுதுறா, எழுதிக்கிட்டே இருக்கா! அடி பாவி, என்னத்தடி எழுதுன? வாய் எங்கடி போச்சு?

6-5-2025

மேற்கே குழி வெட்டியாயிற்று. நேற்றுத்தான் முதல் தடவை எரித்தார்கள். அழகுமீனா விடியுமட்டும் உட்கார்ந்தே இருந்தாள், படுத்தால் இழுக்கிறது. காலையில் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் ஹர்ஷினி பால்கோவாவோடு வந்தாள். கொள்கைப் பாடத்தில் முதல் மார்க்காம். "அன்னைக்கு எந்திரிச்சிருந்தா சார் மார்க்கைக் குறைச்சிருப்பாரு அம்மாச்சி" என்றாள், எனக்குப் புரியும் என்று நினைத்து. அழகுமீனா இருமிக்கொண்டே அவளுக்குத் தோசை சுட்டாள். பெற்றவள், சுடுவாள்.

சார் ஒரு மடையர்; அவர்மேல் கோபப்பட எனக்கு நேரமில்லை. ஜெயக்கொடி வயிற்றுக்குப் பயந்து பேசினாள், அதைப் பொறுத்துக்கொண்டேன். சாகிறவரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான்.

ஹர்ஷினி.