லேப்டாப் எழும்பும் வரை

ஏனுங்க,

ரசமும் சோறும் மூடி வைத்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்க மாரமங்கலம் போகிறேன். கடைசி பஸ்ஸில் வந்துவிடுவேன். நீங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சேலம் கிளம்பும்போது சாவியைப் பூந்தொட்டியில் போடுங்கள்.

பழைய லேப்டாப்புக்குப் புராசசரும் மெமரியும் மாற்ற வேண்டாம் என்றதற்கு, "சுவிட்சைப் போட்டா ஆமை மாதிரி எழும்புது, உனக்கென்ன புள்ள?" என்று கோபித்தீர்கள். அது எழும்பும் வரைதான் நீங்கள் சும்மா உட்கார்ந்து, நான் வாசிக்கும் ருஷ்ய நாவலைக் கேட்கிறீர்கள். எஸ்டேட் ரைட்டர் என்றால் கணக்குப்பிள்ளை என்று தெரியாமல், கதை எழுதுகிறவர் என்று நம்பிக் கட்டிக்கொண்டவள் நான். அந்த நேரமாவது வேண்டாமா?

செலின்

பி.கு.: காப்பி எடைக் கணக்கு பாதியில் நின்றுபோனால் நீங்களும் பாவம்தான். மெமரியை மட்டும் கூட்டுங்கள். புராசசர் பழையதே இருக்கட்டும். நாவலில் நேற்று விட்ட பக்கத்தில் அந்தத் தபால்காரர் இன்னும் பனியில்தான் நிற்கிறார்.