டன்ஸ்டன் என்றால் கருங்கல்

எம்மன்புரூக்கே,
14.11.1986

அன்புள்ள இரத்தினமக்காவுக்கு,

தம்பி இராஜசிங்கம் எழுதுவது. நாங்கள் இங்கே சுகம் என்று வழக்கம்போலத் தொடங்கக் கை வரவில்லை. சுகமில்லை என்று எழுதவும் பயமாக இருக்கிறது. அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சிவகலாவுக்கும் எனக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. தை மாதம் வரவேண்டியவன் போன செவ்வாய்க்கிழமையே வந்து நிற்கிறான். என்ன அவசரமோ தெரியாது. லூசேர்ன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். என் முழங்கையில் இருந்து விரல் நுனி வரைக்கும்கூட வரமாட்டான். சுவாசப்பை இன்னும் பழுக்கவில்லையாம். இடையிடையே மூச்சு விட மறந்துபோகிறான். அப்போது மெஷின் விசிலடிக்கும், தாதி ஓடிவந்து உள்ளங்காலில் சுண்டுவாள், பிறகு விடுவான். மூச்சு விட மறக்கிற பிள்ளையை நான் கேள்விப்பட்டதே இல்லை அக்கா.

சிவகலாவின் உடம்புக்குப் பயமில்லை. ஆனால் அவள் இன்னும் பிள்ளையைப் போய்ப் பார்க்கவில்லை. கீழ் மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தெரேசா என்ற தாதி சக்கரம் வைத்த தள்ளுகதிரையைக் கொண்டுவந்து, தாய் வந்து கதைக்கவேண்டும், அவனுக்குத் தெரிந்த ஒரே குரல் அதுதான் என்று கெஞ்சினாள். இவள் தலை சுற்றுகிறது என்று போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

தலைச்சுற்று இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூத்தவனுக்கு ஊரைக் கூட்டி ஜெயரூபன் என்று பெயர் வைத்தோம். அவள் வீடு முழுக்க அந்தப் பெயரைப் பாடிக்கொண்டு திரிந்தாள். பல் முளைக்கமுன்னம் போய்விட்டான். அடுத்தவளை வயிற்றில் இருக்கும்போதே ராசாத்தி, ராசாத்தி என்றாள். அது மூன்றாம் நாள் போய்விட்டது. நேற்று என்னிடம், நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆருக்கோ காது கேக்குது, இனி நான் வாய் திறக்கமாட்டன் எண்டு சொன்னாள். விசர்க்கதை கதைக்காதை என்று ஏசிவிட்டு வெளியே வந்தேன். வந்து நின்று நானும் அதையேதான் யோசித்தேன்.

ராசாத்தி போனபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அடுத்ததுக்கு வடிவான பேர் ஒண்டும் தேடாதை, பிச்சை எண்டு கூப்பிடு, ஆரும் ஆசைப்படாயினம் எண்டு. உங்கள் மாமனார் பிச்சையரும் அப்படிப் பெயர் வாங்கித்தானே எண்பதைத் தாண்டினார். நான் தீர்மானித்துவிட்டேன். திங்கட்கிழமை பெயர் பதியப் பதிவுக் கந்தோருக்குப் போகிறேன்.

அங்கே ஊரில் ஹெலி வந்து சுடுகிறது என்று கேள்வி. பிள்ளைகளைப் பங்கருக்குக் கிட்டவே வைத்திருங்கள். நீங்கள் கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போனவர், பிள்ளை பிறந்த துடக்கு உங்களுக்கு இல்லை. பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்துங்கள். பெயர் ஒன்றும் சொல்லவேண்டாம்.

தம்பி,
இராஜசிங்கம்


எம்மன்புரூக்கே,
20.11.1986

அன்புள்ள அக்காவுக்கு,

முதற் கடிதம் கிடைக்கமுன் இதுவும் வந்து சேரலாம். உங்கள் பிச்சை இந்த நாட்டில் செல்லாது.

கந்தோருக்கு மகேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவுகிறவன். ஊரில் இங்கிலிஷ் படிப்பித்தவன், இப்போது இந்த ஊர் டொச்சுப் பாஷையும் கொஞ்சம் பிடித்துவிட்டான். பெயரை எழுதுகிற மனுசி, இது என்ன பெயர், என்ன அர்த்தம் என்று கேட்டாள். இந்த அரிச்சந்திரன், பிச்சைக்காரருக்குப் போடுகிறது என்று அப்படியே சொல்லிவிட்டான். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிள்ளைக்கு அவமானம் வருகிற பெயரை எழுத மாட்டாளாம். எங்களிடம் முப்பத்தோராம் நாள் வரை பெயர் வைக்கிற வழக்கமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வியாழக்கிழமைக்குள் வேறு பெயரோடு வரச் சொன்னாள். கெட்டவள் இல்லை அக்கா. என் பிள்ளையின் மரியாதைக்காக என்னோடு சண்டை பிடிக்கிறாள்.

பிறகு மகேஸ்வரன் ஒரு புத்தகம் கொண்டுவந்தான். நாங்கள் குளிர்ச்சட்டை வாங்குகிற பழைய சாமான் கடையில் எடுத்தது. அதிகம் வழக்கில் இல்லாத ஆண்பிள்ளைகளின் ஆங்கிலப் பெயர்களும், அவை எங்கிருந்து வந்தவை, என்ன அர்த்தம் என்பதும் அதில் இருந்தன. இங்கிலிஷ்ப் பேரெண்டால் கந்தோரிலையும் அர்த்தம் கேளாயினம், எங்கடை சனத்துக்கும் விளங்காது எண்டான். அப்ப பிள்ளையைக் கொண்டுபோக வாறவருக்கும் விளங்காமல் போய்விடுமே என்றேன். அவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும் அண்ணை, பயப்பிடாதையுங்கோ எண்டான். பிள்ளை பிறந்ததில் இருந்து நான் சிரித்தது அப்போதுதான்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பக்கம் பக்கமாகப் பார்த்தோம். வெள்ளைக்காரனும் எங்களைப் போலத்தான் பெயர் வைத்திருக்கிறான். செசில் என்றால் லத்தீனில் குருடனாம். ஊரில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த செசில் மாஸ்டருக்கு முதுகிலும் கண் இருந்தது. கிளோட் என்றால் நொண்டி, அதுவும் லத்தீன். கமரன், ஸ்கொட்லாந்து மலைச்சனத்தின் பாஷையில் கோணல் மூக்கன். மலரி என்று ஒன்று, காதுக்குப் பூப்போல இருக்கிறது, பழைய பிரெஞ்சில் அதிர்ஷ்டங்கெட்டவனாம். அந்தப் பக்கத்தை நான் உடனே மூடச் சொன்னேன்.

குருடன், நொண்டி எல்லாம் கேட்டு வாங்கினதுபோல் ஆகிவிட்டால் என்ன செய்வது? பெயர் கீழாக இருக்கவேண்டும், பிள்ளையை நோகச் செய்யவும் கூடாது. கல்வின் என்றால் மொட்டை, அது பரவாயில்லை என்று மகேஸ்வரன் ஒற்றைக்காலில் நின்றான். ஆனால் அந்தப் பெயரில் ஜெனீவாவில் பெரிய சமயத் தலைவர் ஒருவர் இருந்தாராம். பெரிய ஆளின் பெயர் வேண்டாம், கண் படும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் டன்ஸ்டன் வந்தது. மிகப் பழைய ஆங்கிலம். கரிய கல் என்று அர்த்தம். இப்போது ஒருவரும் வைப்பதில்லை என்றான். கருங்கல்லில் ஆர் ஆசைப்படப் போகிறார்கள்? றோட்டோரத்தில் கிடந்தாலும் ஆரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். இதுதான் என்றேன். இன்றைக்குக் காலையில் அந்த மனுசி ஒன்றும் கேட்காமல் எழுதிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். வடிவான பேர் எண்டு சொல்லுறா அண்ணை எண்டான். அதை இன்னொருக்கால் சொல்லாதை என்று அவன் வாயை அடக்கினேன்.

சிவகலாவிடம் சொன்னேன். கல்லுத்தானே, வேறை ஒரு நல்ல அர்த்தமும் இல்லைத்தானே எண்டு கேட்டாள். இல்லை என்றேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நேற்று அவன் பலமுறை மூச்சை மறந்துவிட்டான். இப்படியே போனால் மூச்சுக்குக் குழாய் வைக்கவேண்டிவரும் என்று டொக்டர் சொல்கிறார்.

தம்பி,
இராஜசிங்கம்


எம்மன்புரூக்கே,
9.12.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இத்தனை நாளாக நான் எழுதாமல் இருந்துவிட்டேன். எழுதினால் ஏதாவது கெட்டுப்போகும் என்ற பயந்தான்.

போன கடிதம் போட்ட அடுத்தநாள் மத்தியானம் நான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க மெஷின் விசிலடித்தது. தெரேசா காலில் சுண்டினாள். அவன் அசையவில்லை. திரும்பவும் சுண்டினாள். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. டொக்டரைக் கூப்பிட அவள் ஓட, வாசலில் சிவகலா நிற்கிறாள். ஆஸ்பத்திரிச் சட்டையோடு, படிக்கட்டால் தன்பாட்டில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு அவன் காலைப் பிடித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஏசத் தொடங்கினாள். டேய் கருங்கல்லு, ஆர் உன்னை இஞ்சை கூப்பிட்டது, வந்தனியெல்லே, வந்தால் மூச்சை விடு, மூதேசி, எருமை, விடடா எண்டு. அந்த அறை முழுக்கக் கேட்டது. மற்றத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. தன் வாயில் வந்த அத்தனை ஏச்சும் ஏசினாள். அவன் ஒருமுறை விக்கினான், பிறகு இழுத்து ஒரு மூச்சு விட்டான். விசில் நின்றது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் நிலத்தில் இருந்துவிட்டேன் அக்கா.

இது என்ன பாட்டு என்று தெரேசா என்னைக் கேட்டாள். எங்கள் சமயத்தில் ஒரு பிரார்த்தனை என்று சொல்லிவைத்தேன். அன்றில் இருந்து சிவகலா காலையும் மாலையும் போய் ஏசிவிட்டு வருகிறாள். இப்போது தெரேசாவும் அவனுக்கு ஈரச்சீலை மாற்றும்போது மூதேசி, மூதேசி என்று கொஞ்சுகிறாள்.

பிள்ளை ஆர் சாயல், என்ன நிறம், எவ்வளவு நிறை என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கேட்கக்கூடாது. சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். கறுவல். தலையில் நாலு மயிர். அப்பாவின் மூக்கு, அதுவும் சப்பை. சரியான சாப்பாட்டு ராமன், போத்தல் முடிந்தாலும் விடாமல் உறிஞ்சி, காற்றுத்தான் வருகிறது என்று தெரிந்ததும் குளறி வார்டையே எழுப்புகிறான். இவனோடு ஏலாது என்று பெட்டியில் இருந்து துரத்திச் சாதாரணத் தொட்டிலில் போட்டுவிட்டார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் இந்தப் பாரத்தை நாங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமாம்.

ஆகையால் பதில் போடும்போது தயவுசெய்து வாழ்த்து எழுதாதேயுங்கள். நீடூழி என்றோ தீர்க்காயுள் என்றோ ஒரு சொல்லும் வேண்டாம். சிவகலா உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டப்போகிறாள். அவனை நாலு வரி நல்லாய்த் திட்டி எழுதுங்கள். குத்துக்கல்லு, உருப்படாதது, தவிட்டுக்கு வாங்கினது, என்ன வருகிறதோ எழுதுங்கள். நீங்கள் திட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான், இன்னும் இருக்கிறேன்.

உங்கள் உதவாக்கரைத் தம்பி,
இராஜசிங்கம்