கட்டப்படாத நாற்பது சுரப்பொதிகள்

திரு நிலைக்க. மழை மாறாதாகுக. மலைவளம் குன்றாதாகுக.

கழியும் கடலும் காவலாய்ச் சூழ்ந்த திருக்கழிமங்கலத்தில் அரியணை அமர்ந்து, முன்னோர் ஒன்பதின்மர் ஆண்ட நாட்டைப் பத்தாமவராய்க் காக்கும் பெருநற்கோன் நெடுஞ்சேந்தன், மேகம் வந்து தங்கிச் செல்லும் மூங்கிற்பொறை நாட்டின் தலைவரும், நம் தந்தையாரோடு ஒரே தேரில் நின்று போர் செய்தவரும், நம்மால் என்றும் மூத்தவராக மதிக்கப்படுபவருமான வேள் குன்றங்கீரனார் திருமுன் விடுக்கும் ஓலை. இத்தகைய ஓலைகளின் தலைப்பில் 'சொல் பிழையாதாகுக' என்று நான்காவதாகவும் ஒரு வாழ்த்து எழுதுவது நம் அவையின் வழக்கம். இம்முறை அதை எழுத வேண்டாம் என்று ஓலை எழுதுவோனைத் தடுத்துவிட்டோம். தங்களுக்கு அதை எழுதும் தகுதி இப்போது நமக்கு இல்லை.

தங்கள் அருமை மகளார் நறுவீ நங்கை மலைக்காய்ச்சலில் உயிர் நீத்ததையும், அவரோடு தங்கள் குடிகளில் பதின்மர் மாண்டதையும் தங்கள் ஓலையால் அறிந்தோம். நறுவீ நங்கையை நாம் ஒரே ஒருமுறை கண்டிருக்கிறோம். ஏழு வயதில் தங்களோடு நம் அவைக்கு வந்து, அரியணைப் படியில் அமர்ந்து பலாச்சுளை தின்றார். யாரும் தடுக்கவில்லை, நாமும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த முகம் இப்போது கண்ணை விட்டு அகல மறுக்கிறது. ஆறுதல் என்று எதை எழுதினாலும் அது நம் வாயிலிருந்து வருவதாலேயே தங்களைச் சுடும் என்று அறிவோம், ஆகவே எழுதவில்லை.

தங்கள் ஓலையின் இறுதியில் ஒரே கட்டளை இருந்தது: 'சுரப்பொதி உண்டு என்று சொன்ன வாயை எம்மிடம் அனுப்புக.' அனுப்பலாகாது, அது கழிமங்கலத்துக்கு இழுக்கு என்று நம் அமைச்சர்கள் மல்லுக்கு நின்றார்கள். நாம் அனுப்பியிருக்கிறோம். இவ்வோலையைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தங்கள் எதிரே நிற்கும் நரைத்த தலையரே அவர். பெயர் மருதங்கோடன். இருபத்தாறு ஆண்டுகளாக நம் பண்டகசாலையில் பொதிப் பண்டாரி. அவர் உயிர் இனித் தங்கள் தீர்ப்பில் இருக்கிறது. ஆயினும் தீர்ப்பவர் நடந்தது முழுவதையும் அறிந்து தீர்க்க வேண்டும் என்பதற்காக, எதையும் மறைக்காமல், நம் பிழையையும் சேர்த்து, இங்கே எழுதுவிக்கிறோம்.

நம் பண்டகசாலை மூன்று வகைப் பொதிகளை வழங்கிவருவதைத் தாங்கள் அறிவீர்கள். காய்ச்சல் கண்டவர்க்குச் சுரப்பொதி, புண்பட்ட வீரர்க்குப் படைப்பொதி, பிள்ளை பெறுவோர்க்கு மகப்பேற்றுப் பொதி. ஒவ்வொன்றிலும் நான்கு பொருள்கள். துணியும் தேனும் சுக்கும் இங்கேயே கிடைப்பவை. ஆனால் மூன்று பொதிகளுக்கும் பொதுவான கசப்புப்பட்டைத் தூள் மட்டும் மேலைத்தீவிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மரக்கலத்தில் வருவது. அதைச் சிறு சிமிழ்களில் அடைத்து வைப்போம். பொதிக்கு ஒரு சிமிழ். அந்தச் சிமிழ் இல்லாத பொதி வெறும் துணிமூட்டைதான்.

முற்காலத்தில் பொதிகளை முன்கூட்டியே கட்டி அடுக்கி வைப்பார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் நாம் பண்டகசாலையைப் பார்வையிடப் போனோம். ஒரு மூலையில் மகப்பேற்றுப் பொதிகள் கேட்பாரற்றுக் கிடந்தன, தேன் புளித்திருந்தது, துணியைப் பூச்சி அரித்திருந்தது. அதே நேரத்தில் படைவீரர்கள் பட்டைத் தூள் இன்றித் தவித்துக்கொண்டிருந்தார்கள். நாம் அங்கேயே நின்று கட்டளையிட்டோம்: இனிப் பொதி எதையும் முன்பே கட்ட வேண்டாம், பொருள்கள் உதிரியாகவே இருக்கட்டும், வண்டியோ படகோ வாசலுக்கு வந்த பின் கட்டிக் கொடுங்கள், எவர் பெயராலும் எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள். பொதிக்கு ஓர் ஓலையாக மூன்று ஓலைகள் சுவரில் தொங்கட்டும், அந்தப் பொதியில் எத்தனை கட்ட முடியும் என்பதை அன்றன்று காலையில் அதில் எழுதுங்கள் என்றோம். அவையோர் ஆகா என்றார்கள். நாமும் பூரித்துப்போனோம். அந்த மூன்று ஓலைகளும் ஒரே சிமிழ்க்குவியலைத்தான் எண்ணுகின்றன என்பது அன்று எந்த மண்டையிலும் உறைக்கவில்லை. முடி சூடிய இந்த மண்டையில் முதலில் உறைத்திருக்க வேண்டும்.

தங்கள் தூதர் இறும்பன் பண்டகசாலைக்கு வந்த காலையில் சிமிழ்கள் சரியாக அறுபது இருந்தன. ஆகவே மூன்று ஓலைகளிலும் அறுபது என்றே எழுதியிருந்தது. இறும்பன் நாற்பது சுரப்பொதிகள் கேட்டு, காய்ச்சல் கண்ட நாற்பது பேரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவித்தார். மருதங்கோடன் ஓலையைப் பார்த்தார், உண்டு என்றார். பொய்யில்லை, அப்போது இருந்தது. மலைக்குத் திரும்பிக் கோவேறு கழுதைகளோடு ஏழாம் நாள் வருவதாகச் சொல்லி இறும்பன் புறப்பட்டார். அவர் மலைக்குக் கொண்டுபோனது அந்த ஒரு சொல்லை மட்டுமே.

அன்றே உச்சிப்பொழுதுக்கு முன் கடற்படைத் தலைவரின் ஆட்கள் படைப்பொதி ஐம்பத்தைந்து கேட்டு வந்து நின்றார்கள். படகுகள் துறையில் ஆயத்தமாய் நின்றன. காலையில் தாம் சொன்ன சொல்லை எந்த ஓலையில் எழுதுவது என்று மருதங்கோடன் தேடியிருக்கிறார். இருப்பதை எழுத இடம் இருந்தது, வாக்குக் கொடுத்ததை எழுத இடம் இல்லை. ஒதுக்கி வைக்கலாகாது என்பது அரசன் ஆணை. வாகனம் ஆயத்தமாய் உள்ளவர்க்கே முதலில் என்பதும் அதே ஆணை. ஓலை அறுபது என்று சொன்னது. மேலைத்தீவு மரக்கலம் மூன்று நாளில் வந்துவிடும், வழக்கமாக இந்தப் பருவத்தில் வருவதுதானே என்று தம்மைத் தேற்றிக்கொண்டு ஐம்பத்தைந்தையும் கட்டிக் கொடுத்தார். மறுநாள் மகப்பேற்று மனையிலிருந்து வந்தவர்கள் மீதி ஐந்தையும் பெற்றுப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் மூன்று ஓலைகளிலும் சுழியம் எழுதினார்.

இதுவரை நடந்தது நம் ஆணையின் குற்றம் என்றே கொள்ளலாம். இனி வருவதைத் தம் குற்றம் என்று மருதங்கோடன் தாமாகவே நம் அவையில் நின்று சொன்னார். ஐம்பத்தைந்தைக் கட்டிக் கொடுத்த அன்றே ஓர் ஓட்டனை மலைவழியில் விரட்டியிருந்தால், இறும்பனை முதல் சாவடியிலேயே பிடித்திருக்கலாம். இல்லை என்ற செய்தி கிடைத்திருந்தால் தாங்கள் கிழக்கே இரண்டு நாள் தொலைவில் உள்ள பொழில் நாட்டு மருத்துவர்களிடம் ஆள் அனுப்பியிருப்பீர்கள். அவர்களிடம் பட்டை இருந்தது. அவர் ஓட்டனை அனுப்பவில்லை. சொன்ன சொல்லை மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லையாம். மாறாக, நாள்தோறும் விடிந்ததும் துறைக்குப் போய் நின்று கடலைப் பார்த்திருக்கிறார். சோறு இறங்கவில்லை. தொலைவில் மீன்படகு ஒன்றின் பாய் தெரிந்தால்கூட மரக்கலம் என்று எண்ணி ஓடுவாராம். மரக்கலம் புயலில் சிக்கி ஏதோ ஒரு தீவில் ஒதுங்கிக் கிடந்தது இங்கே யாருக்கும் தெரியாது.

ஏழாம் நாள் நண்பகலில் பத்துக் கழுதைகளோடு இறும்பன் வந்து சேர்ந்தார். துணியும் தேனும் சுக்கும் நாற்பது கூறுகளாகத் தரையில் பரப்பியிருந்தன. ஒவ்வொரு கூறிலும் சிமிழ் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. மருதங்கோடன் அவர் காலில் விழுந்தார். இறும்பன் சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். அவர் பேசியதை மலைச்சொல் மாறாமல் அப்படியே எழுதுவிக்கிறோம், ஏனெனில் அதைச் செப்பம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. "ஒண்ணு குடு சாமி. ஒண்ணே ஒண்ணு. வேளு மகளுக்கு மட்டும் ஆச்சுன்னா போதும். மத்தவங்களுக்கு நான் எதாச்சும் சொல்லிக்கறேன்." அந்த ஒன்றுக்காக மருதங்கோடன் மகப்பேற்று மனைக்கு ஓடினார். ஐந்து சிமிழ்களும் ஐந்து தாய்மாருக்குப் புகட்டப்பட்டுவிட்டன. பத்துக் கழுதைகளும் வெறும் முதுகோடு மலை ஏறின. பிறகு நடந்தது தங்கள் வீட்டில் நடந்தது. அதை நாம் எழுதத் தேவையில்லை.

மரக்கலம் பத்தொன்பதாம் நாள் கரை சேர்ந்தது. கடல்நீர் புகுந்ததுபோக முப்பது சிமிழ்களே தேறின. முப்பதையும் சுரப்பொதிகளாகக் கட்டி மருதங்கோடனுடன் விடுத்திருக்கிறோம். தங்கள் நாட்டில் மாண்ட பதினொருவரில் நறுவீ நங்கையின் பெயர் ஒன்றே நமக்குத் தெரியும். மற்றப் பதின்மர் யாரென்று அறியோம். ஆகவே மருதங்கோடன், இறும்பன் எழுதுவித்த வரிசையை மாற்றாமல், முதல் முப்பது பெயர்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கட்டி, பெயர் எழுதிய ஓலை நறுக்கை முடிச்சோடு கோத்திருக்கிறார். முதற்பொதி நறுவீ நங்கையுடையது. அதையாவது விலக்கிவிடலாமே என்று நாம் சொன்னோம். அவர் மறுத்தார். வாக்குப் பெற்றவர் பெயரை அழிக்கும் உரிமை பண்டகசாலைக்கு இல்லை, பெற்றவருக்கே உண்டு என்று சொல்லி அழுதார்.

ஆகவே இனி எழுதுவன, வேண்டுகோளாகவும் ஆணையாகவும் தாங்கள் கொள்ள வேண்டியவை. நம் நாட்டுப் பண்டகசாலை ஒவ்வொன்றிலும் இன்று முதல், ஒருவர்க்கு உண்டு என்று சொன்ன அந்த நொடியே, அதற்குரிய பொருள் மூன்று ஓலைகளிலிருந்தும் கழிக்கப்பட்டு, பெறுபவர் பெயரால் பொதி கட்டி வைக்கப்படும். பெயர் கட்டிய பொதியைப் பெயருக்கு உரியவரோ அவர் உறவோ அன்றி, அரசனே வந்தாலும் அவிழ்க்கலாகாது. ஒதுக்கி வைப்பது வீண் என்று நாம் முன்பு இட்ட ஆணை இதனால் அழிந்தது. அதை எழுதிய ஓலையை அவையோர் காண நாமே நெருப்பில் இட்டோம்.

இவ்விதிக்கு முதலில் கட்டுப்பட வேண்டியவராகத் தங்களை ஆக்கிவிட்டதற்கு நம்மைப் பொறுத்தருள்க. மாண்டோர் பெயர் தாங்கிய பொதிகளை அவரவர் உறவினர் அவிழ்த்தால்தான், வரிசையின் கடைசிப் பத்துப் பெயர்களில் இன்னும் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு அவை போய்ச் சேரும். தங்கள் குடிகள் தங்கள் கையைப் பார்த்த பிறகே தத்தம் முடிச்சில் கை வைப்பார்கள். வரிசையின் நாற்பதாம் பெயர் இறும்பனின் மனைவியுடையது. கழிமங்கலத்தில் நின்று ஒன்றே ஒன்று கேட்டபோது அவர் அதைச் சொல்லவில்லை. ஆதலால், வேள் அவர்களே, மகளார் பெயர் எழுதிய அந்த முடிச்சைத் தாங்களே அவிழ்த்தருள்க.

அதன் பின் மருதங்கோடனைத் தீர்த்தருள்க. கொல்வதாயினும், சிறையிடுவதாயினும், மலைப்பணியில் வைப்பதாயினும், மன்னித்து விடுவதாயினும், திருக்கழிமங்கலம் மறுமொழி சொல்லாது, படை அனுப்பாது, பகை கொள்ளாது. ஆணையிட்டவர் நாமாகவும் உயிர் கொடுப்பவர் அவராகவும் இருப்பது நீதியன்று என்று தாங்கள் கருதினால், நம்மையும் அழைக்கலாம். ஓலை கண்டதும் காவலின்றிப் புறப்படுவோம்.

ஒன்று மட்டும் கேட்கிறோம். தீர்ப்பு எதுவாயினும் அதே நாளில் எழுதி, விரைந்து ஓடக்கூடியவன் கையில் கொடுத்து அனுப்பிவிடுக. மருதங்கோடனின் மனைவி கோதை, அவர் புறப்படும் முன்னரே மலைவழி வாயிலில் வந்து அமர்ந்துவிட்டார். அவர் திரும்புவார் என்றோ மாட்டார் என்றோ நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, தெரியாததைச் சொல்ல இனி நமக்குத் துணிவில்லை. அவருக்குக் கணவர் உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. இல்லை என்பதேயானாலும், அந்த அம்மையை ஏழு நாள் காக்க வைக்க வேண்டாம்.

இவ்வோலை நம் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டு, நாம் கேட்டு, கார் மாதத்து இருபத்திரண்டாம் நாள், கழியும் படகும் பொறித்த அரச இலச்சினை நம் கையாலேயே இடப்பட்டு விடுக்கப்பட்டது. இதன்படி ஆகுக.