நிறுத்தக்கோட்டில் நாற்பத்தொரு முறை

மார்ச் 4, திங்கள்

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எதைத் தொடங்கினாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். இந்த நாட்குறிப்பு அப்பாவுக்கு லாரி கம்பெனியில் கொடுத்தது. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுத மாட்டார். வீணாகக் கூடாதென்று என்னிடம் வந்தது.

இன்று இரண்டு விஷயம். முதலாவது: பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இரண்டு வருடமாக ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்கிறேன். என்னை நிரந்தரமாக்கி உத்தரவு வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, முப்பது நாளுக்குள் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. முதல் நிரந்தர வேலையும் இதுவாகத்தான் இருக்கும். அம்மா உத்தரவை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்றதற்கு, "கேட்டா சொல்லு, எடுத்துத் தரேன்" என்றார்.

இரண்டாவது: இன்று காலை போலீஸ் என்னை நிறுத்தியது.

பெரிய சந்திப்பில் குடைக்கடியில் நிற்பாரே, அந்தப் போக்குவரத்துக் காவலர்.

"இறங்கும்மா."

இறங்கினேன்.

"என்ன இது?"

"சைக்கிள் சார்."

"மீதி எங்க?"

"இவ்வளவுதான் சார்."

அவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். "ஹேண்டில் பார்?" கிடையாது. "பிரேக்?" கால்தான். "பெல்?" இதில் பெல் என்றால் நானே வாயால்தான் அடிக்க வேண்டும். அந்தத் தைரியம் இருந்தால் நான் வேறு ஆளாக இருப்பேன்.

அவருடைய புத்தகத்தில் இருசக்கரம், மூன்று சக்கரம், நான்கு சக்கரம் என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் பேனாவால் தொட்டுப் பார்த்தார். மூடினார். "மேல கேட்டு வைக்கிறேன். நாளைக்கு இதே நேரத்துக்கு வா."

நன்றி என்று சொன்னேன். எதற்கு?

மார்ச் 5

போனேன். வரச் சொன்னாரே.

"இது வண்டியே இல்லையாம். ரோட்டுல வரக்கூடாது. நடைபாதையில போ" என்றார் குடைக்காரர்.

நடைபாதையில் ஐம்பதடி போயிருப்பேன். இன்னொரு காவலர்: "நடைபாதையில வண்டி ஓட்டலாமா? படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே."

ஆக, சாலையில் நான் பாதசாரி, நடைபாதையில் நான் வாகனம். தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்போது மட்டும் எந்தச் சட்டத்திலும் வரவில்லை.

மார்ச் 6

எப்படி இது என்னிடம் வந்தது என்று எழுதிவிடுகிறேன். கல்லூரி கடைசி வருடம் விளையாட்டு அறைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் வேடிக்கை பார்க்க நின்றேன். கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். ஒற்றைச் சக்கரம் என்னுடையதாகிவிட்டது. இல்லை சார், முடியைத்தான் ஒதுக்கினேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்வதைவிட வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது.

வாங்கியாயிற்று, பிறகு என்ன செய்வது? மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் கற்றேன். அம்மா அதை உடற்பயிற்சிச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதில் வேலைக்குப் போவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கூச்சப்படுகிற ஒருத்தி இதையா ஓட்டுவாள் என்றால், ஆமாம். பேருந்தில் போனால் நேரே எதிர் சீட்டில் ஒரு முகம் இருக்கும். சக்கரத்தில் போனால் எல்லாரும் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். இத்தனை நாளில் என் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை.

மார்ச் 8, வெள்ளி

நடைபாதையிலும் விடவில்லை என்பதால் மறுபடி சாலை. சிவப்பு விழுந்தது. நின்றேன்.

இதில் நிற்பது என்றால் அசையாமல் நிற்பதில்லை. அசையாவிட்டால் விழ வேண்டியதுதான். அரைச் சுற்று முன்னால், அரைச் சுற்று பின்னால் என்று ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் நிற்பது. இறங்கி நிற்கலாம், ஆனால் பச்சை விழுந்ததும் பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்க, அத்தனை பேர் முன்னால் மறுபடி ஏற வேண்டும். அதற்கு ஆடுவதே மேல்.

பச்சை விழுந்தது. குடைக்காரர் கையைக் காட்டினார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எண்ணியிருக்கிறார்.

நோட்டீஸில் அவர் எழுதியது: "நிறுத்தக்கோட்டை முன்னோக்கி இருபத்தொரு முறையும் பின்னோக்கி இருபது முறையும் கடந்தார். பின்னோக்கிய இருபதும் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசைப் பயணம்." நல்ல கையெழுத்து. வாகன வகையில் மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் "ஒன்று" என்று எழுதியிருந்தார்.

சக்கரத்தைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

சான்று கொடுக்க இன்னும் இருபத்தாறு நாள். வழக்கு இருந்தா சான்று கிடையாது. கிடையவே கிடையாது. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 9

வீட்டில் சொன்னேன். அம்மா உட்கார்ந்துவிட்டார். "எந்தச் சக்கரம்? மாடியில இருக்கே, அதுவா? அதுலயா ஆபீஸ் போனே?"

அப்பா கூடத்தில் மாட்டியிருக்கும் சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்து நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'விபத்தில்லா ஓட்டுநர், இருபத்தாறு ஆண்டுகள்.' ஒரு நோட்டீஸ்கூட வாங்காத மனுஷர். என்ன சொல்லப்போகிறாரோ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கடைசி வரி வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி பாத்தியா?"

"இல்லப்பா."

"இருபது தடவையுமா?"

மார்ச் 11

மாமா வந்தார். அம்மாவின் தம்பி, நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு செய்கிறவர். உள்ளே போன வக்கீலுக்கே வழி சொல்வேன் என்பார்.

"இதுக்கு நம்பர் பிளேட் இருக்கா? இல்ல. பில்லு இருக்கா? இல்ல. அப்ப ஓனரும் இல்ல. 'இது என்னுடையது அல்ல'ன்னு ஒரு கையெழுத்து. ரோட்டுல கிடந்த பொருள்னு முடிச்சுடுவாங்க. கேஸும் காத்துல போயிரும், சான்றும் கையில வந்துரும்."

"அவ ஓட்டினதை அந்த ஆளு பாத்தானே?" என்றார் அப்பா.

"பாத்தான். யாரு நம்புவா, அத்தான்? நீங்களே சொல்லுங்க. ஒத்தச் சக்கரத்துல ஒரு பொண்ணு சிக்னல்ல முன்னயும் பின்னயும் நாப்பத்தொரு தடவை ஆடினான்னா, கேக்கறவன் சிரிக்க மாட்டான்?"

அப்பா பேசவில்லை. நானும்தான். என் விஷயத்தில் அது சம்மதம் என்று எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 14, வியாழன்

காவல் நிலையம். எழுத்தர் கேட்டார்: "இந்தச் சக்கரம் உங்களுதா?"

"இல்லீங்க" என்றார் மாமா.

"உங்களைக் கேக்கல."

என் தலை ஆடியது. கையெழுத்துப் போட்டேன். கல்லூரியில் பட்டம் வாங்கியபோது போட்ட அதே கையெழுத்து, முழுப் பெயரோடு.

குடைக்காரர் கதவருகில் நின்றிருந்தார். கோபமில்லை. உண்மையிலேயே விளங்காதவர் போலக் கேட்டார்.

"அப்ப நான் யாரை எண்ணினேன்?"

மார்ச் 15

நடந்து போனேன். நாற்பது நிமிடம்.

மார்ச் 18

நடந்து போனேன்.

மார்ச் 22, வெள்ளி

சான்று வந்துவிட்டது. "மேற்படியார் மீது எந்த வழக்கும் இல்லை." அம்மா அதையும் பீரோவில் வைத்துவிட்டார், அலுவலகத்தில் கடைசி நாளில் கொடுத்தால் போதுமாம். மாமா தொலைபேசியில் தன்னையே பாராட்டிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம்தானே?

மார்ச் 25

சந்திப்பில் குடைக்கடியில் வேறு காவலர், இளவயசு. பத்து நாளாக நானும் நிமிரவில்லை, இன்றுதான் பார்த்தேன். பச்சை மூன்று முறை வந்து போகும் வரை ஓரத்தில் நின்றேன். என்ன வேணும் என்று அவரே கேட்டார்.

"இங்க... முன்ன ஒருத்தர் இருப்பாரே..."

"அவரா? வண்டிக் கிடங்குக்குக் காவல் போட்டுட்டாங்க. ஒத்தச் சக்கரத்துல ஒரு பொண்ணு போச்சுன்னு கேஸ் எழுதியிருக்காரு. பாத்தா பொண்ணும் இல்ல, ஓனரும் இல்ல. பொய்க் கேஸ்னு விசாரணை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், வெயில் மண்டைக்கு ஏறிடுச்சுன்னு பேசிக்கிறாங்க. நீங்க அவருக்குச் சொந்தமா?"

இல்லை என்றேன். அவர் விஷயத்தில் நான் சொன்ன இரண்டாவது 'இல்லை'. முதலாவது தலையால்.

மார்ச் 26

இறப்புப் பதிவில் இன்று இரண்டு பேருக்கு இறந்த தேதியை மாற்றி அடித்தேன். பிரிவுத் தலைவர் திருத்தித் தந்துவிட்டு, "நிரந்தரம் ஆகறதுக்கு முன்னாடியே நிரந்தரக்காரங்க மாதிரி வேலை செய்யறீங்களே" என்றார்.

மார்ச் 28

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பது பெரிய வார்த்தை. அப்பா காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், நான் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"அந்த ஆளு வேலை போயிருமா?"

"போகலாம்பா."

"அவன் எண்ணினது சரியா?"

"நான் எண்ணலப்பா. ஆனா இருக்கும். சிக்னல் பெரிசு."

அப்பா பிரஷ்ஷை மறுபடி பாலிஷில் தொட்டார்.

"மேட்டுல சிக்னல் விழுந்தா, லோடு வண்டியை நாங்களும் கிளச்சுலதான் புடிச்சு நிப்போம். ஒரு முழம் முன்ன போகும், ஒரு முழம் பின்ன வரும். அது நிக்கறதுதான். நீ ரிவர்ஸ் எடுக்கல." பிறகு அடுத்த காலணியை எடுத்துக்கொண்டார். "ஆனா கோட்டைத் தாண்டினது தாண்டினதுதான்."

உள்ளேயிருந்து அம்மா: "இப்ப என்ன சொல்லிக் குடுக்கறீங்க அவளுக்கு? கைக்கு வந்த வேலை!"

"நான் எங்க சொன்னேன்? கிளச்சைப் பத்திப் பேசறேன்."

ஏப்ரல் 2, செவ்வாய்

தனியாகப் போனேன். வாயால் வராது என்று எழுதியே கொண்டுபோனேன். சக்கரம் என்னுடையது. சென்ற முறை போட்ட கையெழுத்து பொய். கோட்டைத் தாண்டியது உண்மை. ஆனால் நான் அப்போது நின்றுகொண்டிருந்தேன்.

எழுத்தர் இரண்டு முறை படித்தார். "சான்று வாங்கினதுக்கு அப்புறம் வந்து கேஸ் கேக்கற முதல் ஆளு நீங்கதாம்மா. சான்றைக் குடுங்க. வழக்கு முடியற வரைக்கும் செல்லாது."

"அவர் மேல இருக்கற விசாரணை?"

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. உங்க பேச்சை வச்சு நாங்க என்ன பண்றது? நீதிபதி என்ன எழுதறாரோ அதுதான்."

வழக்கு ஏப்ரல் 26. பிரிவுத் தலைவர் மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். மாமா எங்கள் வீட்டோடு பேசுவதில்லை. அதைச் சொல்வதற்கு மட்டும் தினம் தொலைபேசியில் கூப்பிடுகிறார்.

ஏப்ரல் 26

முடிந்தது. எழுதத் தெம்பில்லை.

மே 6, திங்கள்

அலுவலகத்தில் அதே நாற்காலி. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். சான்று இல்லாததால் நிரந்தர இடம் பட்டியலில் எனக்கு அடுத்தவருக்குப் போனது. அவருக்கான உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு பிழையும் இல்லை.

அம்மா பீரோவைப் பூட்டுவதை நிறுத்திவிட்டார். நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள், "சாப்பிட்டியா?" என்றார். அப்பா தீர்ப்பு நகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்தார்.

இன்று காலை சந்திப்பில் குடைக்கடியில் பழையவர் நின்றார். நான் நடந்துதான் போனேன். சக்கரத்தைத் தர இன்னும் இரண்டு கையெழுத்து பாக்கியாம். அவர் என்னைப் பார்த்தார். வணக்கம் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. இடது பக்க வண்டிகளை நிறுத்தி என்னைக் கடக்க விட்டார், அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் நடந்ததை இங்கே இன்னும் எழுதவில்லை. நினைத்தாலே காது சூடாகிறது. எழுதிவிடுகிறேன்.

நீதிபதி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "முதல்ல உங்களுது இல்லைன்னீங்க. இப்ப உங்களுதுங்கறீங்க. எதை நம்பறது? ஒரு சிக்னல்ல நாற்பத்தொரு தடவைங்கறதும் நம்பற மாதிரி இல்ல." அறையில் யாரோ சிரித்தார்கள். "சந்தேகத்தின் பலனை உங்களுக்கே தரேன். வழக்கு தள்ளுபடி." பின்னால் மாமா விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது. சான்று மறுபடி வரும். மாதக் கடைசிக்குள் வரும். வேலை என்னுடையது.

குடைக்காரர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். நம்பற மாதிரி இல்ல என்றபோது அவர் தரையைப் பார்த்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி கேட்டார். அது சும்மா கேட்பது. யாரும் பதில் சொல்வதில்லை போலிருக்கிறது. குமாஸ்தா அடுத்த எண்ணைக் கூப்பிட்டும்விட்டார். என் கை மேலே போனது. முடியை ஒதுக்க இல்லை.

"ஐயா, தள்ளுபடி பண்ண வேண்டாம். அந்த நாப்பத்தொண்ணு சரின்னு உங்க தீர்ப்புல ஒரு வரி எழுதணும். அவர் ஒண்ணுகூடக் கூட்டி எழுதல. அது நான்தான்."